கீரை வீட்டில், தக்காளி சந்தையில்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு தோட்டக் கணக்கு

மாடித்தோட்டம் போடலாம் என்று கிளம்பும் வீடுகள் பெரும்பாலும் முதலில் வாங்குவது தக்காளி விதையைத்தான். ஆடியில் இருபது பை வைப்பார்கள். ஐப்பசியில் இரண்டு கூடை பழம் வரும். மாசி பிறந்ததும் இலை சுருளும். பங்குனியில் தண்ணீர் லாரிக்குச் சொல்லும் நாள் வந்ததும் பைகள் ஒரு மூலைக்குப் போய்விடும். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் விளைச்சல் கூடிய வாரங்களில் இதே தக்காளி பறிகூலிக்குக்கூட விலை போகாமல் கிடக்கும்.

ஆர்வம் குறைந்து தோட்டம் காய்வதில்லை. பயிரைத் தேர்ந்தெடுத்த இடத்திலேயே தவறு நடந்துவிடுகிறது. ஆரோக்கியத்துக்காக வீட்டில் பயிர் வைப்பதென்றால், ஒவ்வொரு காயையும் மூன்று விதமாக எடை போட வேண்டும்: பறித்த பிறகு சத்தை எவ்வளவு வேகமாக இழக்கிறது, வயலில் எவ்வளவு மருந்து வாங்குகிறது, இந்த ஊர் வெயிலில் எத்தனை குடம் தண்ணீர் குடிக்கிறது. முதல் இரண்டிலும் அதிகமாகவும் மூன்றாவதில் குறைவாகவும் இருப்பதை வீட்டில் வையுங்கள். மற்றதைச் சந்தைக்கு விட்டுவிடுவதே நல்லது.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் சொல்கிறது. அந்த 400 கிராமில் 100 கிராம் கீரையாக இருக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது நாளுக்கு 2 கிலோ, மாதம் 60 கிலோ. கீரை மட்டுமே மாதம் 12 கிலோ.

ஒரு சதுர மீட்டர் பாத்தியில் சிறுகீரை 25 முதல் 30 நாளில் ஒன்று, ஒன்றரை கிலோ தரும். அப்படியானால் தினமும் கீரை பறிக்க எட்டு முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் பாத்தி ஓய்வில்லாமல் ஓட வேண்டும். கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 முதல் 6 லிட்டர் தண்ணீர் தேவை. அரிசி, காய் கழுவி மிஞ்சும் தண்ணீர் ஒரு வீட்டில் நாளுக்குப் பதினைந்து, இருபது லிட்டர் தேறும். அதை வைத்து மூன்று சதுர மீட்டர் கீரையைச் சித்திரை வெயிலிலும் காப்பாற்றலாம். அதில் மாதம் மூன்று, நான்கு கிலோ கிடைக்கும், அதாவது எட்டு முதல் பத்து நாள் கீரை.

மீதி நாளுக்கு என்ன செய்வது என்றால், அங்கேதான் முருங்கை வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம். இப்போதைக்குத் தெளிவாக வேண்டியது ஒன்று: முழுக் காய்கறியையும் வீட்டிலேயே விளைவிப்பது ஒரு சென்ட், இரண்டு சென்ட் இடத்தில் நடக்காது. எந்தப் பங்கை வீட்டில் வைப்பது என்பதே கேள்வி.

கீரை: முதல் இடம் இதற்கே

வெட்டிய நொடியிலிருந்து கீரை வாடத் தொடங்குகிறது. வைட்டமின் சி-யும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் வெப்பத்திலும் காற்றிலும் சிதையும். அதிகாலையில் அறுத்த கட்டு, சந்தையில் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்வைக்குப் பச்சையாகவே இருக்கும். மாலையில் வாங்கி மறுநாள் ஆய்ந்து கடையும்போது வைட்டமின் சி கணிசமாகப் போயிருக்கும். எந்த வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தது, அறுப்பதற்கு எத்தனை நாள் முன்பு மருந்து அடித்தார்கள் என்பதும் கட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டுக் கீரைக்கு இந்த இரண்டு கவலையும் கிடையாது. களி கிண்டும் நேரத்தில் பறித்தால் போதும்.

பாத்திக்குச் செம்மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ மக்கிய தொழு எரு கலந்து சமப்படுத்துங்கள். விதை இரண்டு கிராம் போதும். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவியும், அதனால் இரண்டு கைப்பிடி மெல்லிய மணலோடு கலந்து தூவ வேண்டும். மேலே மண்ணை மூடாமல், விரலால் லேசாகக் கீறிவிட்டுப் பூவாளியால் தெளியுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் முளைக்கும்.

முளைக்கவில்லை என்றால் விதையைக் குறை சொல்வதற்கு முன் எறும்பைப் பாருங்கள். கீரை விதையை ஒரே இரவில் வரிசை கட்டித் தூக்கிப் போய்விடும். விதைத்த அன்றே பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய்யைப் போட்டால் எறும்பு அதில் மும்முரமாகிவிடும். கோழி கிளறும் வீடுகளில் முளைத்து இரண்டு விரல் உயரம் வரும்வரை மேலே வேலிக்காத்தான் முள்ளைப் பரப்பி வைப்பது பழைய வழி, இன்றும் அதை மிஞ்சியது இல்லை.

மழைக்காலத்தில் இலையின் மேற்புறம் வெளிர்மஞ்சள் புள்ளி தெரியும். திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் சுண்ணாம்புத் துளி தெறித்தது போல வெள்ளைக் கொப்புளங்கள் இருக்கும். இது வெண்துரு நோய். அடர்த்தியாக விதைத்து, மாலையில் இலை மேல் தண்ணீர் ஊற்றும் பாத்திகளில்தான் அதிகம் வரும். அந்தச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, மற்றவற்றுக்கு இடைவெளி விட்டுக் கலைத்துவிட்டு, காலையில் வேரடியில் மட்டும் ஊற்றினால் அடங்கும். யூரியா போட்டுத் தழைய வைக்கும் ஆசை வேண்டாம். இலையில் நைட்ரேட் சேரும், பூச்சியும் கூடவே வரும்.

சிறுகீரையை வேரோடு பிடுங்கிவிடலாம். அரைக்கீரையை முப்பது, முப்பத்தைந்து நாளில் மூன்று விரல் உயரம் விட்டு அறுத்தால், பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை மறுபடி துளிர்க்கும். மூன்று பாத்தியையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் கீரை மலையாகக் குவிந்து, அடுத்த மூன்று வாரம் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும். பாத்தி ஓரத்தில் தானாக முளைக்கும் குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, மணத்தக்காளி எல்லாம் களையில்லை. கலவைக் கீரைக் கடைசலுக்கு இவற்றைத்தானே தேடி அலைகிறோம்.

மரம்: ஒருமுறை நட்டால் பல வருடம்

இந்தப் பக்கம் கொல்லை என்றால் மானாவாரி நிலம், அதனால் வீட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தைப் புழக்கடை என்றே சொல்லிக்கொள்வோம். அங்கே அரை சென்ட் இருந்தாலும் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, கொய்யா நான்கும் அடங்கும். பைச் செடிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். வேர் பிடித்த முருங்கை வாரம் ஒரு குடத்தில் கோடையைத் தாண்டிவிடும். ஆரோக்கியக் கணக்கிலும் மரங்கள் பின்வாங்குவதில்லை.

2017-ல் வந்த இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் முருங்கைக் கீரையில் சுமார் 314 மி.கி. கால்சியம், 108 மி.கி. வைட்டமின் சி இருக்கின்றன. வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் மற்றக் கீரைகளோடு ஒப்பிட்டாலும் மிக அதிகம். இரும்புச் சத்துதான் ஊரில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. 100 கிராமில் நாலரை மில்லிகிராம் இருக்கிறது. பெண்களுக்கு நாளுக்கு 29 மி.கி. பரிந்துரை. கீரையின் இரும்பில் உடம்பு ஏற்பது சிறு பங்குதான். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்தால் அந்தப் பங்கு கூடும், சாப்பிட்டதும் டீ குடித்தால் குறையும். இரத்தசோகைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் முருங்கையை நம்பி அதை நிறுத்தக் கூடாது.

சிறுகீரை, தண்டுக்கீரை, பாலக் போன்றவற்றில் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும் ஆக்சலேட் அதிகம் என்பதால் அவற்றின் கால்சியத்தில் பெரும்பகுதி உடம்புக்குக் கிடைப்பதில்லை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இவற்றை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. கால்சியத்துக்கு நம் கையில் ஏற்கெனவே கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமுக்கு சுமார் 360 மி.கி. களியும் முருங்கைக் கீரையும் சேர்ந்த தட்டு எந்த ஊட்டச்சத்து மாவுக்கும் குறைந்ததில்லை.

முருங்கை நடுவதற்கு ஒன்றரை அடிக் குழி போதும். பி.கே.எம்.-1 என்ற செடிமுருங்கை ரகத்தின் விதையை நேரடியாக ஊன்றலாம். செடி மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பலர் மனம் வராமல் விட்டுவிட, மரம் இருபதடி போய் ஆடிக் காற்றில் பக்கத்து வீட்டுச் சீட் கூரை மேல் முறிந்து விழும். இலைக்காக வளர்க்கும் மரத்தை இடுப்பு, மார்பு உயரத்திலேயே வெட்டி வெட்டிப் புதராக வைத்தால் ஏணி இல்லாமல் பறிக்கலாம். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கும்பலாக ஒட்டியிருக்கும். பகலில் அவை ஒரே இடத்தில் கிடப்பதால் பந்தம் பிடித்துக் கருக்குவது சுலபம். மரம் குட்டையாக இருந்தால் அதற்கும் கை எட்டும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் நடாதீர்கள், வேர் அழுகிவிடும்.

வைட்டமின் சி என்று வந்தால் எல்லாக் கீரைகளையும் கொய்யா தோற்கடித்துவிடும். கீரையைச் சமைக்கும்போது வைட்டமின் சி-யில் பெரும்பகுதி போகும், கொய்யாவை அப்படியே கடிக்கிறோம். 100 கிராமில் 200 மி.கி.-க்கு மேல் இருக்கிறது. ஆண்களுக்கு நாளுக்கு 80, பெண்களுக்கு 65 மி.கி. தான் தேவை. ஒரு நடுத்தரப் பழம் இருவருக்குப் போதும். ஒட்டுச்செடி நட்ட இரண்டாம், மூன்றாம் வருடம் காய்க்கும். மழைக்காலப் பழத்தில் பழ ஈ முட்டையிட்டு உள்ளே புழு வைக்கும் என்பதால், காய் எலுமிச்சை அளவில் இருக்கும்போதே பழைய வெள்ளைத் துணியிலோ காகித உறையிலோ ஒவ்வொன்றாகக் கட்டிவிட வேண்டும். நூறு காயில் முப்பதைக் கட்டினாலும் வீட்டுக்குப் போதும்.

பப்பாளி பத்து மாதத்திலேயே பழம் தரும். கோ-8 போன்ற ரகங்களில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. குழிக்கு மூன்று நாற்று வைத்து, பூத்த பிறகு ஆணைக் கழிக்க வேண்டும். ஆனால் மொத்தத்தில் ஓர் ஆண் மரமாவது அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் இருபால் பூக்கும் ரெட் லேடி வகையே சரி. 2008-ல் தமிழ்நாட்டுக்குள் வந்து பப்பாளியை அழித்த மாவுப்பூச்சி, 2010-ல் கொண்டுவந்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளால் பெருமளவு அடங்கிவிட்டது. அங்கங்கே தெரியும் வெள்ளைக்குக் கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுவதே நல்லது.

மாமரத்தை அரை சென்ட்டில் நடுவது வீண். முழு மரத்துக்குப் பத்து மீட்டர் இடம் வேண்டும். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாங்காய்க்கு அலையவும் தேவையில்லை. தோப்பிலிருந்து முற்றிய செங்காயாக வாங்கி வைக்கோலில் ஐந்தாறு நாள் பழுக்க வைத்தால் கார்பைட் கல் பயமே இல்லை.

மாடியா, தரையா

தரையில் ஒரு பாத்திக்கு இடம் இருந்தால் மாடிக்குப் போகாதீர்கள். தரைப் பாத்தியில் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும், ஒரு நாள் மறந்தாலும் செடி பிழைக்கும். மாடியில் செடி கருகிப்போகச் சித்திரை மாதம் ஒரு பிற்பகல் போதும். மாடிக்கு உள்ள ஒரே அனுகூலம் ஆடு, கோழி வராது என்பது. குரங்கும் மயிலும் அங்கேயும் வரும்.

மாடிதான் வழி என்றால் முதலில் எடையைப் பாருங்கள். ஓரடி விட்டம், ஓரடி உயரப் பை சுமார் 20 லிட்டர் பிடிக்கும். நனைந்த கலவையோடு 20 முதல் 25 கிலோ. ஆள் நடமாடும் கான்கிரீட் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்றுதான் பொதுவாகக் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு பைக்கு மேல் வேண்டாம். அதையும் சுவரும் உத்தரமும் போகும் கோட்டின் மேல் வையுங்கள், அறையின் நடுவில் வேண்டாம். மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ், கல் பலகை போட்ட கூரைகளில் பொறியாளரைக் கேட்காமல் ஒரு பைகூட ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் தரை ஊறாது.

கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்ததும் வரும் செந்நிறத் தண்ணீரில் உப்பு இருக்கும். மூன்று தடவை பிழிந்து கொட்டிய பிறகே கலக்க வேண்டும். இதைச் செய்யாத பைகளில் நாற்று பத்தே நாளில் இலை ஓரம் கருகி நிற்கும், “வெயில் தாங்கவில்லை” என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். மாசிக் கடைசியிலிருந்து வைகாசிவரை 50 சதவீத நிழல் வலை இல்லாமல் கீரை தேறாது. கடல் மட்டத்திலிருந்து உயரத்தில் இருக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இந்தக் கஷ்டம் குறைவு, அங்கே கொத்தமல்லியும் பீன்ஸும்கூடப் பையில் நன்றாக வரும்.

பைக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். உடம்புக்கு நல்லதென்று வைத்த தோட்டம் காய்ச்சலைக் கொண்டுவருவது இந்த வழியில்தான்.

தக்காளியும் கத்தரியும் ஒன்றல்ல

நாளுக்கு அரை கிலோ தக்காளி புழங்கும் வீட்டுக்கு மாதம் 15 கிலோ வேண்டும். பைச்செடி ஒன்று நான்கு மாத ஆயுளில் இரண்டு, மூன்று கிலோ தரும். சந்தையே வேண்டாம் என்றால் எந்த நேரமும் இருபத்தைந்து பை நிற்க வேண்டும், கோடையில் அவற்றுக்கு மட்டும் நாளுக்கு 40 முதல் 50 லிட்டர். வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் நச்சுநோய் வந்துவிட்டால் அந்தச் செடிக்கு மருந்தே இல்லை. பறித்த தக்காளி சில நாள் இருந்தாலும் சத்தில் பெரிய இழப்பு இல்லை. அதன் சிவப்பு நிறச் சத்தான லைக்கோபீன், எண்ணெயில் வதக்கும்போதுதான் உடம்புக்கு நன்றாகச் சேர்கிறது. எப்படிப் பார்த்தாலும் சந்தைத் தக்காளியே புத்திசாலித்தனம். வெங்காயம், பூசணி, சுரைக்காய்க்கும் இதே தீர்ப்பு.

கத்தரியில் நிலைமை வேறு. தண்டு மற்றும் காய்த்துளைப்பான் புழு காய்க்குள் போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது. அதனால் அது உள்ளே போகும் முன்பே பிடிக்க வேண்டும் என்று வயலில் அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். இரண்டடிக்கு இரண்டடி நட்டால் ஏக்கருக்குப் பதினோராயிரம் செடி, விவசாயி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க முடியுமா? வீட்டில் நான்கே செடி. காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பே நுனித் தளிர் ஒன்று மட்டும் துவண்டு தொங்கினால், அதற்கு இரண்டு விரல் கீழே கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள். தண்டின் நடுவில் பழுப்புத் துகள் அடைத்திருக்கும், அதற்கு அந்தப் பக்கம் வெளிர்சிவப்புப் புழு நெளியும். கிள்ளியதைச் செடி அடியிலேயே போடாமல் வெந்நீரில் போட்டுவிடுங்கள். வாரம் இரண்டு தடவை, ஐந்து நிமிடம். மருந்தில்லாத கத்தரிக்காய்க்கு இதுதான் விலை.

கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி மூன்றையும் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடுகிறோம், அதனால் இவையும் வீட்டுப் பக்கமே. காலிஃபிளவர், முட்டைகோஸ் இரண்டும் நம் சமவெளி வீட்டுத் தோட்டத்தில் சரியாகக் கட்டாது. அவற்றை வாங்கித்தான் ஆக வேண்டும்.

சந்தையில் வாங்கும்போது

தமிழ்நாட்டில் உழவர் சந்தைகள் 1999-ல் தொடங்கின. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றிலும் உண்டு. காலை ஏழு மணிக்குள் போனால் கிடைக்கும் காய்க்கும், மதியம் கடையில் வாங்கும் காய்க்கும் அரை நாள் வித்தியாசம். விற்பவரே விளைவித்தவர் என்பதால் “கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க” என்று கேட்க முடியும். கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள், மண்டிக் கடையில் அதற்குப் பதில் தெரிந்தவர் யாரும் இல்லை.

உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் காலிஃபிளவர் புழு வெளியே வரும். மேற்பரப்பில் ஒட்டிய மருந்தும் தேய்த்துக் கழுவினால் ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து எதில் ஊறவைத்தாலும் போகாது. கீரை, கத்தரியை வீட்டுக்கும், தோல் சீவும் சுரை, பீர்க்கை சந்தைக்கும் ஒதுக்குவதற்கு இன்னொரு காரணம் இது. காயை முழுதாகக் கழுவிவிட்டுப் பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுத் தண்ணீரில் அலசினால் நாம் துரத்தித் துரத்தித் தேடிய சத்தெல்லாம் சாக்கடைக்குத்தான் போகும்.

தண்ணீர்: இந்த இரண்டு மாவட்டத்துக்கும் உள்ள தனிக் கணக்கு

வேறு ஊர்த் தோட்டக் குறிப்புகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்குக் கீழே இருப்பது கருங்கல் பாறை. அதன் கனிமங்களிலிருந்து கரைந்து வரும் புளோரைடு போர் தண்ணீரில் சேர்கிறது. இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மி.கி.-க்குள் இருப்பதே நல்லது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்றும் சொல்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பற்களில் சுண்ணாம்புத் திட்டோ, பழுப்புக் கோடோ குறுக்கே ஓடுவதைப் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. நிரந்தரப் பற்களின் எனாமல் எட்டு வயதுக்குள் உருவாகிவிடுவதால் பிறகு அந்தக் கறை மாறாது. பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகும். 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் கொண்டுவரப்பட்டது.

இதில் தோட்டத்துக்கு என்ன வேலை? போர் தண்ணீர் பாய்ச்சினால் புளோரைடு செடிக்குள் ஏறாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பகுதி மண்ணில் உள்ள கால்சியத்தோடு பிணையும், வேரிலேயே தங்கும். கீரை இலைக்கு மற்றக் காய்களைவிடச் சற்று அதிகம் வரும், முற்றிய இலையில் இன்னும் கொஞ்சம். இளசாகப் பறித்தால் அது பெரிய அளவில்லை. பயப்பட வேண்டியது பாத்தியை விட அடுப்படியை. பாத்திக்கு மழைநீர் ஊற்றிவிட்டுக் களிக்கும் குழம்புக்கும் போர் தண்ணீரை வைத்தால் எந்தப் பயனும் இல்லை. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும். குடிப்பதற்கு மட்டுமல்ல, சமையலுக்கும் ஒகேனக்கல் தண்ணீரையே வையுங்கள். தேயிலைச் செடி இயல்பாகவே புளோரைடை இலையில் சேர்ப்பது என்பதால், நாளுக்கு ஐந்தாறு தடவை கடும் டீ குடிப்பவர்கள் அதையும் குறைக்க வேண்டும்.

தோட்டம் உதவுவது எதிர்ப்பக்கத்திலிருந்து. சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் அது குடலிலேயே புளோரைடோடு சேர்ந்து கரையாத உப்பாகி வெளியேறும். வைட்டமின் சி குறைபாடு உள்ளவர்களுக்குப் பாதிப்பு கடுமையாகத் தெரியும். கேழ்வரகு, முருங்கைக் கீரை, கறிவேப்பிலை, கொய்யா நான்கும் நம் மாவட்டங்களில் மற்ற ஊர்களைவிட முக்கியமாவது இதனால்தான். வந்த பாதிப்பை இவை நீக்காது, நல்ல தண்ணீருக்கு மாற்றும் ஆகாது.

செடிக்கும் போர் தண்ணீர் பிடிப்பதில்லை. பையின் உள்விளிம்பில், மண் முடியும் இடத்தில், சுண்ணாம்புக் கோடு போட்டது போல வெள்ளை படிந்திருந்தால் உப்பு ஏறிவிட்டது என்று பொருள். புதுத் தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) ஒரு எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் தெளித்தால் ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். அது தற்காலிகம்தான். மாதம் ஒருமுறை பையின் கொள்ளளவுக்குச் சமமான நல்ல தண்ணீரை, 20 லிட்டர் பைக்கு 20 லிட்டர், மெதுவாக ஊற்றி அடியில் வடியவிட்டால்தான் உப்பு இறங்கும். ஆர்.ஓ. இயந்திரம் தள்ளும் கழிவுத் தண்ணீரைச் செடிக்குப் பிடித்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். உப்பும் புளோரைடும் செறிந்த தண்ணீர் அது. அதை வண்டி கழுவவும் கழிப்பறைக்கும் வையுங்கள்.

100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 800 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம். ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் இப்படிப் பல மழை கிடைக்கும். ஆயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்றை மூடியோடு, வலை கட்டி வைத்தால் பையின் உப்பைக் கழுவுவதற்கே அது போதும். சோப்புக் குளியல் தண்ணீரை வாழைக்கு விடலாம், கீரைப் பாத்திக்கு விடக் கூடாது. பச்சைச் சாணத்தைக் கரைத்துக் கீரை மேல் ஊற்றுவதும் வயிற்றுப்போக்குக்கு அழைப்பு. மூன்று மாதமாவது மக்கட்டும்.

யாருக்கு எது

வாடகை வீடு, மாடியில் வீட்டுக்காரர் அனுமதி இல்லை என்றால் ஜன்னலோரம் இரண்டு பை புதினா, ஒரு கறிவேப்பிலை. மற்றதெல்லாம் உழவர் சந்தை, வாரம் மூன்று நாள் காலையில். வீடு மாறும்போது கறிவேப்பிலைப் பையும் கூடவே வரும்.

சொந்த வீடு, பின்னால் அரை சென்ட்டாவது இருந்தால் மேலே சொன்ன நான்கு மரம், மூன்று கீரைப் பாத்தி, நான்கு கத்தரி. முதல் வருடம் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மண் கொத்துவது, குடம் தூக்குவது, களை பறிப்பது எல்லாம் மிதமான உடற்பயிற்சிக் கணக்கில் வரும், நாளுக்கு இருபது நிமிடம் என்றால் வாரம் 150 நிமிட இலக்கு கிட்டத்தட்ட நிறைந்துவிடும். முதுகுவலி உள்ளவர்கள் குடத்தை மாடிக்குத் தூக்காமல் குழாய் போட்டுக்கொள்ளட்டும்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் அளவைக் குழப்பும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கீரையின் பொட்டாசியமே பிரச்சினை, எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டுத்தான் பறிக்க வேண்டும்.

நாற்றும் ஆலோசனையும் வேண்டுபவர்களுக்குக் காவேரிப்பட்டணம் அருகே பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும், பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. போர் தண்ணீரின் புளோரைடு அளவைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம். சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, மோட்டார் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு விளிம்புவரை பிடித்து மூடி எடுத்துப் போங்கள். விதை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுதான்.